லவ்ரி பட்டாளம்

ஏப்ரல் 6, ஞாயிறு

தம்பி எமிர் வீட்டில் மதியச் சாப்பாடு. பாதியில் எழுந்து நின்று அறிவித்தான். அடுத்த மாதம் கடற்கரைச் சாலையில் நிதி திரட்டும் ஓட்டம். அவனுக்குச் சிறுநீரகம் மாற்றிய ஆஸ்பத்திரிப் பிரிவுக்காக. குடும்பம், நண்பர்கள், எல்லோரும் ஓடுகிறோமாம். என் தோழி மென்னா அதற்குள் பனியன்களே அச்சடித்துக் கொண்டுவந்துவிட்டாள். மஞ்சள் நிறம். மார்பில் பெரிதாக 'லவ்ரி பட்டாளம்'.

லவ்ரி அவன் மனைவி. அவளுடைய சிறுநீரகம்தான் இப்போது அவன் வயிற்றில் இருக்கிறது. "ஐயோ, இதெல்லாம் எதுக்குப்பா" என்றாள். முகம் சிவந்துபோயிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான். மற்றவர்களைவிடச் சத்தமாக.

மென்னா பள்ளிக்கூடத்திலிருந்து என் தோழி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 9

பனியன் அக்குளில் இறுக்குகிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கமாட்டேன்.

ஏப்ரல் 12, சனி

கறிக்கடையில் லவ்ரிக்குப் பின்னால் நின்றேன். கடைக்காரர் அவளிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். "உன்கிட்ட வாங்கினா எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாங்க!" அவள் போனதும் என்னைப் பார்த்து, "இப்படி ஒருத்தி உங்க குடும்பத்துக்கு வந்திருக்காளே, கொடுத்து வச்சவங்க நீங்க" என்றார்.

நானா கொடுத்து வைத்தவள்? கொடுக்க முடியாமல் வைத்துக்கொண்டிருப்பவள்.

என்னிடம் முழுக் காசும் வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 19

யாரிடமும் சொல்ல முடியாது. இங்கேயாவது எழுதுகிறேன்.

முதலில் பரிசோதனைக்குப் போனவள் நான். ரத்தம் பொருந்தியது. மற்றதும் பொருந்தியது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே எமிருக்குப் போன் செய்தேன். "அழாதக்கா, எனக்கும் அழுகை வருது" என்றான். அடுத்த வாரம் டாக்டரம்மா கூப்பிட்டார். "உங்களுக்கே சர்க்கரை வர்ற மாதிரி இருக்கு. உங்ககிட்டேருந்து எடுக்க மாட்டோம்." அவ்வளவுதான். பிறகு லவ்ரி போனாள். பொருந்தியது. கொடுத்தாள்.

அம்மா போனப்புறம் அவனுக்கு ஷூ கட்டிவிட்டது யாரு? காய்ச்சல்னா பக்கத்துல படுத்துக் கிடந்தது யாரு? இவ வந்து எத்தனை வருஷம் ஆச்சு? என் தம்பிக்கு நான்தானே கொடுக்கணும் —

எழுதியதைப் படித்தால் அசிங்கமாக இருக்கிறது. அவள் கொடுக்கவில்லையென்றால் அவன் என்ன ஆகியிருப்பான்? தெரியும். தெரிஞ்சும் எரியுது.

மே 3

எல்லோரும் சேர்ந்து ஓடிப் பழகினோம். லவ்ரி மெதுவாகத்தான் ஓடுகிறாள். அவளுக்கு ஒரு சிறுநீரகம், எனக்கு இரண்டு என்று மனசு கணக்குப் போட்டது. சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது.

ஆனாலும் அவளுக்கு முன்னால் ஓடி முடிப்பேன். இது முடிவு.

மே 18, ஞாயிறு

ஓட்டம் முடிந்தது. காலையிலிருந்தே சாரல், எதிர்க்காற்று. எமிர் சிவப்புப் பஞ்சில் சிறுநீரகம் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வந்தான். ஒரு குட்டிப் பெண் அவனைப் பார்த்து, "மாமா, நீங்க என்ன, அவரைக்கொட்டையா?" என்று கேட்டது.

மேடைக்கு லவ்ரியைக் கூப்பிட்டார்கள். அவள் கொடியசைத்தாள். ஊரே கத்தியது. நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

பாறை மேட்டில் ஏறும்போதுதான் பார்த்தேன். அவள் கீழே கடல்சுவரில் உட்கார்ந்திருந்தாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. முதலில் என் மனதில் வந்தது, 'ஆச்சு, ஜெயித்தேன்.' அதுதான் உண்மை. அதன் பிறகுதான் பயம் வந்தது. இறங்கி ஓடினேன்.

"வலிக்குதா?"

"இல்ல. இவங்க கைதட்டுறதைத்தான் தாங்க முடியல." நனைந்த பனியனை இழுத்துவிட்டுக்கொண்டாள். "உன்கிட்ட எடுக்க மாட்டோம்னு சொன்னாங்களே, அன்னிக்குக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன், நெரிஸ்."

"எமிருக்காகவா?"

"எனக்காக. அடுத்தது நான்தான்னு தெரிஞ்சுபோச்சே. பொருந்தாமப் போகணும்னு வேண்டிக்கிட்டேன். நீ கொடுக்கத் துடிச்ச, நான் தப்பிக்கத் துடிச்சேன். உன்னைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும், உனக்கு மட்டும் பயமே இல்லையேன்னு. கடைசியில என் பேரைப் போட்டுப் பனியன்!"

ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு. "உன்னைப் பார்த்தா எனக்கு எரியுது. இன்னிக்கு வரைக்கும்."

சிரித்தாள். "தெரியும். நீ கைதட்டுற சத்தத்துலயே தெரியும்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து நடந்தோம். மழையில் ஊறித் தொங்கும் பஞ்சோடு எமிர் பின்னாலிருந்து வந்தான். "அக்கா! வெறும் சிறுநீரகம் உங்க ரெண்டு பேரையும் முந்துது பாரு!" என்று கத்திக்கொண்டே தாண்டிப் போனான்.

கடைசிக் கோட்டுக்கு முன்னால் ஒரு எட்டு வைத்திருந்தால் நான் அவளை முந்தியிருக்கலாம். ஆசையாகத்தான் இருந்தது.

மே 19

தொடையெல்லாம் வலி. எரிச்சலும் போகவில்லை. ஆனால் முன்பு மாதிரி இல்லை.

ஜூன் 26, வியாழன்

லவ்ரிக்கு வருடாந்திரப் பரிசோதனை. எமிர் லீவு போடுகிறேன் என்றானாம். "நீ வேணாம், நெரிஸ் வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். ஊசி என்றால் அவளுக்கு நடுக்கம். அவனுக்கு அது தெரியாது.

புது நர்ஸ். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கதான் கொடுத்தவங்களா?" என்று அவளிடம் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் லவ்ரி சொன்னாள். "முதல்ல கொடுக்க வந்தது இவங்கதான்."

ஊசி ஏறியபோது என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள். விரல் இன்னும் வலிக்கிறது.