வெயிலுக்கு எதிரே ஒரு குடை

அன்புள்ள மச்சான்,

கதவுக்குப் பின்னால் தொங்கும் உங்கள் கறுப்புக் குடையை இப்போதுதான் விரித்தேன். உப்பும் துருவும் கலந்த அதே வாசம். வெளியே அக்காள்மடத்து உச்சி வெயிலில் என் பேரன் சட்டையில்லாமல் மணலில் ஓடுகிறான். "ஏலே, நெழலுக்கு வாடா!" என்று பழைய பழக்கத்தில் அலறினேன். கடலுக்கு அக்கரையில், தலைமன்னாரில் மீன் காயப்போட்டவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். பயல் மட்டும் திரும்பவில்லை.

உங்கள் மகள் ஸ்டெல்லா அந்த வயதில் அப்படி ஓடியதில்லை. கொஞ்சம் வெயில் பட்டாலும் முகம் கொப்பளித்துவிடும். தோலில் எது வந்தாலும் கடலில் முக்கி வெயிலில் காயவைப்பது நம் கரை வைத்தியம். ஊரே சொல்ல, அதையும் செய்தோம். பிள்ளை அவித்த இறாலாய்ச் சிவந்தது. இது பிறவியிலேயே வந்த நோய், வெயிலே ஆகாது என்று மதுரை டாக்டர்தான் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில், எனக்கும் புரியட்டும் என்று, பையைக் கட்டியிருந்த இரண்டு பிரிக் கயிற்றைக் காட்டினீர்கள்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இப்படி முறுக்கின நூல் கெடக்காம் மாப்ள, டி.என்.ஏ.ன்னு. நாலே எழுத்து. இந்தப் பிரியில ஏ இருந்தா எதுக்க டி, ஜி இருந்தா எதுக்க சி. செல்லு ரெண்டாகுறப்ப பிரி ரெண்டும் வெலகி, ஒவ்வொண்ணும் தனக்குப் புதுச் சோடி கட்டிக்கிருமாம். வெயிலு பட்டா பக்கத்து எழுத்துக ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிரும். நமக்கெல்லாம் அந்தத் துண்ட நறுக்கிப் போட்டுட்டு, எதுத்த பிரியப் பாத்துப் புதுசா எழுத உள்ளயே ஆளிருக்கு. எம்மகளுக்கு நறுக்குற கத்தரிதான் பழுது."

அன்று இந்தக் குடையை எடுத்தீர்கள். முழுக்கைச் சட்டை, முகத்துணி, சன்னலுக்குத் திரை, எல்லாவற்றுக்கும் மேலே குடை. பள்ளிக்கூட வாசல்வரை நீங்கள் பிடித்து நடந்தால் சூரியனே பயந்து பாம்பன் பக்கம் ஒதுங்கும் என்று கோயிலில் முழங்காலிட்டுச் சத்தியம் செய்வேன்.

அவள் வளர்ந்ததும் என் மகனுக்குப் பெண் கேட்டுத் தட்டோடு வந்தேன். அத்தை மகள், முறைப்பெண். நீங்களும் மாமன் மகளான என் அக்காவைத்தானே கட்டினீர்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் சிங்காசனம் ஏறியதுபோல் உட்கார்ந்தேன்.

"தர மாட்டேன் மாப்ள."

"என்ன மச்சான், எம்பய குடை பிடிக்க மாட்டானா?"

"இவளுக்குப் பிடிப்பான். பெறக்கப்போற பிள்ளைக்கும் பிடிக்கணும்னா? எங்கிட்ட ஒரு பழுது, ஒங்கக்காட்ட ஒரு பழுது. ஒண்ணு மட்டும் இருந்தா ஒண்ணும் செய்யாது; ரெண்டும் சேந்து இவகிட்ட வந்திருச்சு. அதே ரத்தந்தானே உம்பயலுக்கும்?"

கதவுக்குப் பின்னால் ஸ்டெல்லா சிரித்தாள். "அதோட மாமா, உங்க மகன் கொறட்டைக்கு எந்தக் குடையும் தாங்காது!"

மானம் போயிற்று. இனி ஏழு தலைமுறைக்கும் உங்கள் வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் போட்டுக் கிளம்பினேன். அக்காவின் நண்டுக் குழம்பு மணத்ததால் சபதம் தெருமுனையைத் தாண்டவில்லை.

பிறகு என் மகனுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதே பழுது அவனிடமும் ஒன்று இருந்தது. இராமநாதபுரத்துக்கு அந்தப் பக்கம், உறவே இல்லாத வீட்டில் பெண் எடுத்தோம். அவளிடம் அது இல்லை. அதனால்தான் இந்தக் குரங்குப் பயல் உச்சி வெயிலில் கடலோடு மல்லுக்கு நிற்கிறான். முறையை மறுத்த திமிர் பிடித்தவர் என்று ஊர் உங்களைப் பேசியது. ஊருக்கு நான் இன்று பதில் சொல்கிறேன் மச்சான், என் பேரன் நீங்கள் கொடுத்த பிள்ளை.

தோல் பரிசோதனை முடித்து ஸ்டெல்லா வரும் மதுரை பஸ் இப்போது வந்துவிடும். கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டிருப்பாள். இருந்தாலும் நிறுத்தத்திலிருந்து வீடுவரை குடை வேண்டும். நீங்கள் கல்லறைக்குப் போனபின் அது என் வேலை. "அப்பா மாதிரி நேராப் பிடிங்க மாமா, கதை அளந்துக்கிட்டே சாச்சிருறீங்க" என்று இன்றும் திட்டுவாள்.

பேரன் வெயிலில் முன்னால் ஓடுகிறான். நான் வாயை மூடிக்கொண்டு, குடையை நேராகப் பிடித்துப் போகிறேன்.