பெள்ளி க்ரீம்

மே 18, 2025, ஞாயிறு

கன்னத்தில் ஏழு புதுப் பருக்கள். நாற்பத்து நான்கு வயதில். ஃபேக்டரியில் மாம்பழ சீசன் ஆரம்பித்துவிட்டது. லேபில் தொப்பியும் மாஸ்க்குமாக நின்று கூழின் இனிப்பை அளக்கிறேன்; உள்ளே முகம் வேகிறது. அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆராதனையில் பின் பெஞ்சில் அண்ணன் மகள் கேசியா. ஆகஸ்ட் இருபது அவளுக்குக் கல்யாணம். முகம் பளிச்சென்று இருக்கிறது. “எல்லாம் நீ குடுத்த க்ரீம்தான் அத்தே” என்று காதில் சொன்னாள். பெருமையாக இருந்தது.

சித்தூரில் எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் ‘பெள்ளி க்ரீம்’ என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். கல்யாண க்ரீம். நான் எட்டு மாதமாகப் போடுகிறேன். முதல் மாதம் நானும் பளிச்சென்றுதான் இருந்தேன்.

மே 25

சோப்புப் போட்டு ஆறு முறை கழுவியாயிற்று. இன்னும் எண்ணெய் வழிகிறது.

மே 31, சனி

திருப்பதியில் ஸ்கின் டாக்டர் ரோஹிணியைப் பார்த்தேன். என் முகத்தை விளக்கடியில் பார்த்துவிட்டு, “ரோஜூ ராஸ்துன்னாரா?” என்றார். தினமும் எழுதுகிறீர்களா? இந்த நோட்டு இவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் விழித்தேன். தெலுங்கில் எழுதுவதற்கும் தடவுவதற்கும் ஒரே வார்த்தை. சிரித்துக்கொண்டே ட்யூபைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

ஸ்டீராய்டு கலந்ததாம். முதலில் மினுங்கும், பிறகு தோல் மெலிந்து பரு கிளம்பும். நிறுத்தினால் சில வாரம் இன்னும் மோசமாகும், அப்புறம் அடங்கும்.

“வேறு யாருக்காவது கொடுத்தீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்?

ஜூன் 1

எனக்குச் சொன்னது எளிதுதான். இரண்டு வேளை மென்மையான ஃபேஸ்வாஷ், அதற்கு மேல் கழுவக் கூடாது. எண்ணெய் முகத்துக்கும் ஈரப்பதம் வேண்டுமாம், ஜெல் மாதிரி ஒன்று. பகலில் சன்ஸ்க்ரீன். படுக்கும் முன் பட்டாணி அளவு மருந்து, பருவின் மேல் மட்டுமல்ல, முகம் முழுக்க. கிள்ளக் கூடாது. பரு அடங்கப் பன்னிரண்டு வாரம். மேடுபள்ளம் குறைய அதற்கும் மேல். லேபில் நம்பரை நம்பிப் பிழைக்கிறவள் நான். செய்துவிடுவேன்.

கேசியா? கல்யாணத்துக்குப் பதினோரு வாரம் இருக்கிறது. நிறுத்தினால் பருவோடு சர்ச்சில் நிற்பாள். சொல்லாமல் விட்டால் பளிச்சென்று நிற்பாள் — அப்புறம் அவளுக்கு என் முகம்.

நாளைக்கே சொல்கிறேன்.

ஜூன் 2, திங்கள்

சொல்லிவிட்டேன். அண்ணன் வீட்டுக்கே போய். அண்ணிதான் பிடித்துக்கொண்டார்.

“இன்னா ஜெபா, நீயே குடுத்த, இப்ப நீயே வாணான்ற. உன் மூஞ்சி கெட்டுப்போச்சுன்னா என் பொண்ணு மூஞ்சியும் கெடணுமா?”

“தப்பு என்னுதுதான் அண்ணி.”

“குடுக்கறப்ப எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசிக்கினே குடுத்தியே.”

அப்படித்தான் பேசினேன்.

“நிறுத்தினா இன்னா ஆவும் அத்தே?” என்றாள் கேசியா.

“கொஞ்ச நாள் பொங்கும். அப்புறம் அடங்கிடும். நான் கூடவே இருக்கேன்.”

அவள் உள்ளே போய் ட்யூபை எடுத்து வந்து டிவி பக்கத்தில் வைத்தாள். “நிறுத்திட்டேம்மா.”

அண்ணி வாசல் வரை வரவில்லை. எப்போதும் வருவார்.

ஜூன் 7

கேசியாவைத் திருப்பதிக்குக் கூட்டிப்போனேன். “இவளுக்குத்தான் கொடுத்தேன், அன்று பொய் சொன்னேன்” என்றேன். டாக்டர் அவளுக்கும் சீட்டு எழுதினார்.

ஜூன் 17

இருவருக்கும் பொங்கிவிட்டது. கேசியா போட்டோ அனுப்பினாள்: “அத்தே, நாம ரெண்டு பலாப்பழம்.” என்னுடையதை அனுப்பினேன்: “நான்தான் பெரிய பழம்.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அண்ணி பெஞ்சு மாறி உட்கார்ந்தார். அது உறைக்கிறது. ஆனாலும் சொன்னது சரி.

ஜூலை 13

கழுவி நான்கு மணி நேரம். எண்ணெய் ஒற்ற முகம் டிஷ்யூ கேட்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

கல்யாணம் நடந்தது. தாடையில் நான்கு பருவோடு நின்றாள், அழகாக. மாப்பிள்ளை ஜாபேஸ் கேக் க்ரீமை அவள் கன்னத்தில் தடவப் போனார். கையைப் பிடித்துக்கொண்டு, “டாக்டர் சீட்டு இல்லாம மூஞ்சில ஒண்ணும் தடவக் கூடாது” என்றாள். மண்டபமே சிரித்தது.

அண்ணி சிரிக்கவில்லை. என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது அண்ணன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அண்ணி வீட்டுக்கு வந்தார். மூன்றரை மாதம் கழித்து. முந்தானையை முகத்திலிருந்து எடுத்தார். இரண்டு கன்னமும் சிவந்து பொங்கியிருந்தன.

“பாதி ட்யூப் மிச்சம் இருந்திச்சி ஜெபா. வீணா போவுதேன்னு நான் போட்டுக்கினேன். நல்லா இருந்திச்சின்னு இன்னொண்ணும் வாங்கினேன்.”

“இப்ப?”

“போடலன்னா எரியுது. போட்டா இப்படி.”

கடிந்து சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது வேறு. “அதான் கல்யாண போட்டோல பொண்ணவிட நீங்க பளபளன்னு இருந்தீங்க.”

“அடிப்பாவி” என்று சிரித்துவிட்டார். பிறகு அழுதார்.

செப்டம்பர் 27, சனி

இருவரும் காலை பஸ்ஸில் திருப்பதிக்குப் போனோம். சந்திரகிரி தாண்டும்போது ஜன்னல் வெயில் என் மேல் விழுந்தது. அண்ணி ஒரு விரலால் என் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

“சொரசொரப்பு குறைஞ்சிக்கினு வருதே.”

“கை கழுவினீங்களா அண்ணி?”

“கழுவிக்கினுதான் ஏறினேன்” என்றார். விரலை எடுக்கவில்லை.