குகை என்று சொன்ன வீடு

ஏற்காடு,
12.2.2004

அன்புள்ள அக்காவுக்கு,

இளமதி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். மாமாவுக்கு முதுகுவலி தேவலையா?

வீட்டை இடித்துக்கொண்டிருக்கிறோம். மாமனார் கட்டியது, மலைச்சரிவில் இருட்டாக நிற்குமே, இதே வீட்டைத்தான். பள்ளத்தாக்குப் பக்கத்துக் கல்சுவரை எடுத்துவிட்டு, கூடம் நெடுகக் கண்ணாடி ஜன்னல் வைக்கிறார் இவர். தரைக்கு மாமாவின் பட்டறை டைல்ஸ்தான் வேண்டுமாம். "உங்கக்காவையே கலர் சொல்லச் சொல்லு" என்கிறார். எனக்கு என்ன தெரியும், நீயே சொல்லிவிடு.

உன் தங்கை,
இளமதி

விருத்தாசலம்,
20.2.2004

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். இங்கே மாசியிலேயே வெயில் கொளுத்துகிறது, சூளைப் பக்கம் போக முடியவில்லை. வெளிர் மஞ்சள் போடச் சொல். வேப்பூர் வழியாகப் போகும் லாரியில் மாமா ஏற்றிவிடுவார்.

ஏற்காடு சுற்றிப் பார்க்கலாம் என்று சொல்லி, எனக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டுக்கு அப்பா நம் இரண்டு பேரையும் கூட்டிப்போனது நினைவு வந்து சிரித்துக்கொண்டேன். கூடத்தில் நின்றபடியே, "இது வூடா, குகையா? இந்த இருட்டுல என்னால இருக்க முடியாது" என்றேன். நல்ல வேளை, தேவநாதன் காதில் விழவில்லை. அப்புறம் அவர் உனக்கென்று ஆனார். எல்லாம் உன் அதிர்ஷ்டம்தான்! கிரகப்பிரவேசத்துக்குக் குடும்பத்தோடு வருகிறோம்.

பிரியமுள்ள,
துர்கா

ஏற்காடு,
3.5.2004

அக்காவுக்கு,

டைல்ஸ் பதித்தாயிற்று. அழகாகத்தான் இருக்கிறது.

அவர் காதில் விழுந்திருக்கிறது, அக்கா. கண்ணாடி மாட்டிய அன்று மேஸ்திரியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இனிமே எவளும் வந்து குகைன்னு சொல்ல முடியாது பாரு." நான் டீ டம்ளரோடு பின்னால் நின்றிருந்தேன்.

பதினோரு வருடம் இந்த இருட்டில் இருந்தவள் நான். பகலில் லைட் போட்டு அரிசி புடைத்தவள். ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. நீ அரைமணி நேரம் நின்று ஒரு வார்த்தை சொன்னாய், அதற்காகச் சுவர் விழுகிறது. சமையல்கட்டில் ஒரு செங்கல்லும் நகரவில்லை. அங்கே நீ வந்து நிற்கப்போவதில்லையே.

கிரகப்பிரவேசத்துக்கு வராதே. நீ அந்த ஜன்னலண்டை நிற்பதையும், அவர் உன் முகத்தையே பார்ப்பதையும் என்னால் தாங்க முடியாது.

இளமதி

விருத்தாசலம்,
11.5.2004

இளமதிக்கு,

வரவில்லை. மாமாவிடம் கால்வலி என்று சொல்லிவிட்டேன்.

என் மேல் கோபப்படு, பரவாயில்லை. ஆனால் அங்கே இருட்டில் நிற்பது நீ. அதை நீதான் அவரிடம் சொல்ல வேண்டும். என் பேரை இழுக்காமல் சொல்.

துர்கா

ஏற்காடு,
30.5.2004

அன்புள்ள அக்காவுக்கு,

சொன்னேன். "எனக்குச் சமையக்கட்டு இருட்டா இருக்குதுங்க" என்றேன். திகைத்துப்போனார். "இத்தினி வருசமா சொல்லவே இல்லியே?" என்றார். "நீங்க கேக்கவே இல்லியே" என்றேன். மறுநாள் மேஸ்திரி வருவதற்குள் கடப்பாரையை அவரே எடுத்துவிட்டார்.

இப்போது அடுப்பு முன்னால் நின்றால் கீழே சேலம் வரைக்கும் தெரிகிறது.

ஆனாலும் இப்போதைக்கு வராதே, அக்கா. மனசு இன்னும் ஆறவில்லை. கொஞ்ச நாள் இதை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன்,
இளமதி