கத்தி திரும்பிய பக்கம்

3 ஜூலை 2006
பூதலூர் பட்டறையில் இரும்பு செதுக்கும் பழைய மில்லிங் மெஷினை இன்று கம்ப்யூட்டர் ஓட்டியது. அறுவடை மெஷினுக்கான உதிரிபாகம் ஒன்று சுத்தமாக வந்தது. முதலாளி நெய்னா முகம்மது பாய் வருகிறவர்களிடமெல்லாம், "சாஃப்ட்வேர் நம்ம ஜெனித் எழுதுனது" என்கிறார்.

நான் எழுதவில்லை. ஒரு வெளிநாட்டுக்காரர் இணையத்தில் எல்லோருக்குமாக விட்டிருந்தது. ஜி-கோட் கட்டளைகளைப் படித்து, கத்தி எங்கே போக வேண்டுமென்று மோட்டாருக்குச் சொல்லும். அவர் பெயர் இருந்த இடத்திலெல்லாம் என் பெயரைப் போட்டேன். அவ்வளவுதான் என் உழைப்பு.

19 ஜூலை
உண்மையைச் சொல்லிவிடலாமென்று பாயிடம் போனேன். டீ வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

8 ஆகஸ்ட்
மெஷினில் ரஞ்சித். கடலுக்குப் போக மாட்டேனென்று கோடியக்கரையிலிருந்து இந்த வேலைக்கு வந்தவன். வளைந்து ஒதுங்க வேண்டிய கத்தி எதிர்ப்பக்கம் திரும்பி, இரும்பைப் பிடித்திருந்த வைஸில் மோதி உடைந்தது. துண்டு தெறித்து அவன் கன்னம் கிழிந்தது. தையல் போட்டார்கள்.

திரையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவன் அடித்த கட்டளை சரி. சாஃப்ட்வேர்தான் வளைவைத் தப்பாகப் படித்திருக்கிறது.

"என்னப்பா ஆச்சு?" என்றார் பாய்.

"தப்பா அடிச்சிருப்பான் பாய்."

எப்படி வாய் வந்தது எனக்கு?

9 ஆகஸ்ட்
கன்னத்தில் கட்டோடு வந்து கேட்டான். "சரியாத்தானேண்ணே அடிச்சேன்?"

"அவசரத்துல கவனிச்சிருக்க மாட்டே."

தலையாட்டினான். நம்பிட்டான். என்னையப் போய் நம்பிட்டான்.

11 ஆகஸ்ட்
இந்தக் கோளாறை அந்த வெளிநாட்டுக்காரர் போன வருஷமே சரிசெய்து வெளியிட்டிருக்கிறார். அவர் இணையப் பக்கத்தைத் திறக்கவே கூசி, நான் பார்க்காமலே இருந்திருக்கிறேன். புதியதைப் போட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

2 செப்டம்பர்
கத்தி உடைந்ததைச் சொல்லிப் பாய் ரஞ்சித்தை வேலையை விட்டு நிறுத்தினார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

24 செப்டம்பர்
ரஞ்சித் ஷார்ஜா போய்விட்டானாம்.

15 அக்டோபர்
பாயிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். திட்டவில்லை.

"அந்தப் புள்ள போறப்ப என் கையைப் புடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டுப் போனான்பா" என்றார்.

பட்டறைச் சாவியை மேஜையில் வைத்தேன். எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ரஞ்சித்தின் நம்பரை மட்டும் எழுதித் தந்தார்.

5 நவம்பர்
இன்றுதான் ரஞ்சித்துக்குப் போன் போடத் தைரியம் வந்தது.

"அங்கயும் மெஷின்தானே?" என்றேன்.

"இல்லண்ணே. குடோன்ல மூட்டை எறக்குறேன். மெஷின்னா பயமாயிருக்கு."

சொன்னேன். தப்பு அவனுடையது இல்லை, என்னுடையது என்று. மறுமுனையில் லாரிச் சத்தம் கேட்டது.

"அன்னிக்கே தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"சரி, டூட்டிக்கு நேரமாச்சு" என்றான்.