கணினிக்குள் இருந்த நம்ம ஊர்

என்றும் என் நெஞ்சில் இருக்கும் அண்ணிக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த ஆண்டு ஊரில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

சம்பா நட்ட பிறகு மழை ஏமாற்றிவிட்டது. ஆற்றுத் தண்ணீரும் கடைமடையான நமக்கு வந்து சேரவில்லை. எல்லாரும் போர் மோட்டாரை விடாமல் ஓட்டினார்கள். இறைக்க இறைக்க நிலத்தடியில் கடல் உப்பு ஏறும் என்று தெரியாமல் இல்லை. பக்கத்து வயல்காரர் ஓட்டும்போது நாம் மட்டும் நிறுத்தினால் நம் பயிர்தானே காயும்?

அப்போதுதான் உங்கள் மாணவி ஃபரீதா அதிராம்பட்டினத்திலிருந்து வந்தாள். நீங்கள் கல்லூரியில் வருஷக்கணக்காக உட்கார்ந்து கணினியில் உருவாக்கிய நம்ம ஊரை, சமுதாயக் கூடத்துச் சுவரில் படமாகக் காட்டினாள். மண், மழை, கடல், ஒவ்வொரு வீட்டு மோட்டாரும் அதில் இருந்தன. உப்பு சிவப்பாகத் தெரிந்தது.

"நான் மட்டும் நிறுத்தினா என்ன ஆகும்மா?" என்று ராமையன் மாமா கேட்டார்.

ஃபரீதா அதைக் கணினியில் ஓட்டிக் காட்டினாள். அவர் பயிர் போனது. உப்பு நிற்கவில்லை.

"எல்லாரும் பாதியாக் குறைச்சா?"

உப்பு கொஞ்சம் தாமதித்து வந்தது, அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று ஓட்டினாள். கடலை ஒட்டிய கிழக்கு மோட்டார் அடியோடு நின்று, மற்றவர்கள் முறை வைத்து இறைத்தால் சிவப்பு அங்கேயே நின்றுவிட்டது. கிழக்கு மோட்டார் நம்முடையது. கூடத்தில் யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணன் எழுந்தார். "என் சம்சாரம் போட்ட கணக்குங்கிறதுக்காகச் சொல்லல. ஊர்த் தண்ணியே உப்பாயிட்டா யாருக்கும் வயல் இல்ல. எங்க மோட்டார் ஓடாது."

அந்த வயலில் பாதி என்னுடையது, அண்ணி. வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்: "என்னை ஒரு வார்த்தை கேட்டியாண்ணே?"

"கேட்டா வேணாம்னுடுவியோன்னு பயந்துட்டேன்."

"சொல்லியிருக்க மாட்டேன். ஆனா கேட்டிருக்கணும்."

அவர் அழுதார். நீங்கள் போன அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

நம் பயிர் கருகி, மாடு மேய்ந்தது. மற்ற வயல்கள் சுமாராக விளைந்தன. கோயில் கிணறு இன்னும் இனிக்கிறது. ஆனால் தெற்குத் தெருவில் இரண்டு அடிபம்புகள் உப்பாகிவிட்டன. உங்கள் கணினி அதைச் சொல்லவில்லை. "மேடம் இருந்திருந்தா எந்த இடத்துல கணக்கு தப்புச்சுன்னு பார்த்திருப்பாங்க" என்று ஃபரீதா அந்தப் பம்படியிலேயே வெகுநேரம் நின்றாள்.

அறுப்பு முடிந்ததும் ராமையன் மாமா எங்கள் வாசலில் நெல் மூட்டைகளை இறக்கினார். ஊரே சேர்ந்து போட்டதாம். அடுத்த போகத்துக்கு வாய்க்கால் தண்ணீர் முதலில் நம் வயலுக்குத்தான் என்றும் பேசி முடித்திருக்கிறார்கள். "இப்படிச் செய்வாங்கன்னு அண்ணி அந்தக் கணினிக் கணக்குல போட்டிருந்தாங்களா?" என்று ஃபரீதாவைக் கேட்டேன். இல்லையாம். இனி சேர்க்கணும் என்றாள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கணினியை மடியில் வைத்து அந்தக் கணக்கை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே. நிற்கவேண்டியது நம் மோட்டார் என்று அப்போதே தெரியுமா? தெரிந்துதான் அண்ணன் கையை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தீர்களா?

மாசாமாசம் எல்லாக் கிணற்று நீரின் உப்பையும் நானே அளந்து ஃபரீதாவுக்கு அனுப்புகிறேன். தெற்குத் தெருவில் உங்கள் கணக்கு தப்பியது ஏன் என்று கண்டுபிடிக்கும்வரை நிறுத்த மாட்டேன், அண்ணி.

உங்கள் நாத்தனார்,
மல்லிகா