தேத்தண்ணி இல்லாத வீடு

ரிங்லெட்,
3.3.1985

அன்பு மகள் சாரதாவுக்கு அப்பா அமிர்தலிங்கம் எழுதுவது.

முக்கியமான முடிவு ஒன்றைத் தெரிவிக்கிறேன். நேற்றோடு நம் வீட்டில் தேத்தண்ணி நிறுத்தப்பட்டது. உன் தாத்தா காலத்திலிருந்து உலகத்துக்கே தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கொடுத்த குடும்பம் இப்படிச் செய்வது இந்தத் தோட்டத்தில் முதல் தடவை. தோட்டத்து மேனேஜர் துரையிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் மனம் தாங்காது.

காரணம் அம்மாவின் நெஞ்சு. வால்வு ஆப்பரேஷனுக்குப் பிறகு துடிப்பு தாறுமாறாக ஓடக் கூடாது, ஓடினால் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய்விடும் என்று டாக்டர் சொன்னதாக நீதான் விளக்கினாய். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசரைக் கேட்டேன். கடுந்தேத்தண்ணி துடிப்பைக் கிளப்பும், குறைத்துக்கொள்ளச் சொன்னார். குறைப்பது அரைகுறை வேலை. அடியோடு நிறுத்திவிட்டேன். துணைக்கு நானும் விட்டேன்.

துடிப்பை அடக்கும் மாத்திரையைப் பற்றிக் கவலைப்படாதே. டாக்டர் இங்கிலீஷிலும் நர்ஸ் மிஸ்ஸி மலாயிலும் நீளமாகச் சொன்னதை நீ சுருக்கிக் கொடுத்தாயே, "காலத் தேத்தண்ணிக்கு ஒன்னு, சாயங்காலத் தேத்தண்ணிக்கு ஒன்னு" என்று, அதை அம்மா பாடமாகவே வைத்திருக்கிறாள்.

ஆசிகளுடன்,
அப்பா

ரிங்லெட்,
17.3.1985

அன்பு சாரதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை விடவில்லை. அம்மாவுக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை. "நெஞ்சுக்குள்ள கோழி றெக்க அடிக்கிற மாதிரி இருக்குங்க" என்கிறாள்.

பக்கத்து வீட்டு ரஞ்சிதம் திருட்டுத்தனமாகத் தேத்தண்ணி கொடுக்கிறாள் என்று சந்தேகப்பட்டு விசாரித்தேன். "ஒரு மடக்குகூட குடுக்கலண்ணே. தேத்தண்ணிக் கெத்தல தூக்கிக்கிட்டு ஒங்க வாசலத் தாண்டவே பயமா இருக்குலா" என்று மாரியம்மன்மேல் சத்தியம் செய்தாள். ஆக, நம் ஏற்பாட்டில் ஓட்டை இல்லை. இருந்தாலும் வீட்டிலிருந்த தூள் டின்னை ஆற்றில் வீசிவிட்டேன்.

டிரசர் லீவில் இருக்கிறார். வந்ததும் காட்டுகிறேன்.

அப்பா

ரிங்லெட்,
2.4.1985

அன்பு மகளுக்கு,

பதறாமல் படி. போன வாரம் அம்மாவுக்கு மூச்சு இரைத்தது. தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோரி வந்து நின்றது. மாத்திரைப் போத்தலை எடுத்தேன். கனமாக இருந்தது. ஏன் குறையவில்லை என்று அம்மாவைக் கேட்டேன்.

"தேத்தண்ணிதான் நிறுத்தியாச்சே. அப்புறம் எப்பிடி மாத்திர?" என்றாள்.

மலையிறங்கித் தாப்பா போய்ச் சேர்வதற்குள் வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் நின்றுவிட்டது. நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதில்தான் கடைசி.

நேற்று வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ரஞ்சிதம் வந்து தலை வாரிவிட்டுப் போனாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

நீ சுருக்கிச் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, சாரதா. அதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்காதே. வேளைக்குச் சாப்பிடு. ஃபாக்டரியில் லீவு கொடுத்தால் ஒருதரம் வந்து போம்மா.

நீ நல்லா இருக்கணும்.

அப்பா

பி.கு.: காலையும் மாலையும் தேத்தண்ணி போடுகிறேன். வாய் ஒரு பக்கம் கோணியிருப்பதால் கரண்டியால் ஊட்ட வேண்டியிருக்கிறது.