நெட்டா சேற்றில் இறங்குகிறாள்

சால்வே, தென்கரை
5 செப்டம்பர் 1974

என் அருமைத் தம்பி ரோலண்டுக்கு,

நலமா? உன் மேவிஸுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நீ என் கடைப்பக்கம் தலைகாட்டி மூன்று வாரம் ஆகிறது. அக்கா பொரிக்கும் மீன் அதற்குள் கசந்துவிட்டதா?

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வாத்து வேட்டைச் சங்கத்தில் சேர மனுப் போட்டிருக்கிறேன். செயலாளர் நீதானே, முதல் திட்டு உன்னிடமிருந்தே வரட்டும். லென்னின் துப்பாக்கிக்கு என் பேரில் உரிமம் வாங்கியாயிற்று. போலீஸ்காரர், "உங்க வீட்டுக்காரர் லென் ஞாபகமா சுவத்துல மாட்டி வெச்சுக்கப் போறீங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, சுடப் போறேன்" என்றேன். மனுஷன் பேனாவை மூடவும் மறந்துவிட்டார்.

லென்னின் ரப்பர் பூட்ஸ் எனக்கு மார்பு வரை வருகிறது. நுனியில் பழைய காலுறைகளை அடைத்துக்கொண்டு, கோழிக்கூண்டுக்குப் பின்னால் சேற்றில் நடந்து பழகுகிறேன். கோழிகள்கூடச் சிரிக்கின்றன. காலையில் கண்ணை மூடிக்கொண்டு, குரலை வைத்தே எந்த வாத்து என்று கண்டுபிடிக்கிறேன். நாய்க்குட்டி மாதிரி குரைத்துக்கொண்டு போவது சட்டப்படி சுடக்கூடாத வாத்து. அது எனக்கு அத்துப்படி.

எல்லோரும் நான் அந்தச் சேற்றில் நின்று லென்னுக்காக அழப் போகிறேன் என்று நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். நீ என் மனுவைச் சங்கக் கூட்டத்தில் வை.

உன் அக்கா,
நெட்டா

கார்லைல்
16 செப்டம்பர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

மேவிஸ் பரவாயில்லை, உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

நேற்று ஓட்டெடுப்பு நடந்தது. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். ஏழு பேரும் ஆளுக்கொரு கோலி, சம்மதமென்றால் வெள்ளை, இல்லாவிட்டால் கறுப்பு, பைக்குள் கையை விட்டுப் போட வேண்டும். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் மனு தள்ளுபடி. ஆறு வெள்ளை, ஒரு கறுப்பு. யார் போட்டது என்று கேட்கக்கூடாது. கிழவர் ஹாட்ஸனாக இருக்கலாம், அவர் பழங்காலத்து ஆள்.

விட்டுத் தள்ளு அக்கா. வாத்து வேண்டுமென்றால் நான் கொண்டுவந்து தருகிறேன். இறகைக்கூடப் பிடுங்கியே தருகிறேன்.

பாசமுள்ள தம்பி,
ரோலண்ட்

சால்வே, தென்கரை
24 செப்டம்பர் 1974

ரோலண்ட்,

ஹாட்ஸன் வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தார். மீன் வாங்கவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "நெட்டா, சத்தியமா நான் போட்டது வெள்ளைம்மா. நீ வந்தா எங்களுக்கு வாய்க்கு ருசியா ஏதாவது கிடைக்கும்னு பார்த்தேன்" என்றார். பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து, "நான் இல்ல", "சாமி சத்தியமா நான் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறு பேரும் வந்துவிட்டார்கள். வராத ஆள் நீ ஒருத்தன்தான்.

அட பாவி! கூடப் பிறந்தவன் நீ பைக்குள் கையை விட்டுக் கறுப்பைப் போடுவாய், பழியை ஒரு கிழவர் தலையில் போடுவாய். முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்ல உனக்கு வாயில்லையா?

போகட்டும். சால்வே கடற்கழிக்கு எதிர்க்கரை ஸ்காட்லாந்து. அங்கே கடலோரச் சேறு எல்லோருக்கும் பொது. சங்கமும் இல்லை, கோலியும் இல்லை. அக்டோபர் பன்னிரண்டு, சனிக்கிழமை விடியலில் அங்கே இறங்குகிறேன். ஆமாம், இரண்டு வருஷத்துக்கு முன் லென் நம்மை விட்டுப் போன அதே வாரம். வேண்டுமென்றேதான்.

நெட்டா

கார்லைல்
1 அக்டோபர் 1974

அக்கா,

நான்தான் போட்டேன். மறுபடி பையை நீட்டினாலும் கறுப்பைத்தான் போடுவேன்.

லென்னைச் சேற்றிலிருந்து தூக்கி வந்தவன் நான். நீ பார்த்தது கழுவித் துடைத்த முகத்தை. நான் பார்த்தது அதை அல்ல. கடல் ஏறி இறங்கும் அட்டவணையைக் குளிர்கால நேரத்தில்தான் அச்சடிக்கிறார்கள். அக்டோபரில் நம் கடிகாரம் இன்னும் கோடைகால நேரத்தில் ஓடுகிறது, ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த இதை அன்றைக்கு அவர் மறந்தார். தண்ணீர் திரும்பிவிட்டது என்று நினைத்து ஓடையைத் தாண்டினார். அது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஓடை நிரம்பியது அவருக்குத் தெரியவே இல்லை. காலமெல்லாம் அங்கே நடந்த மனுஷனுக்கே அந்தக் கதி என்றால் நீ எம்மாத்திரம்?

எனக்குப் பயம். போதுமா? இன்னொரு தரம் தூக்க எனக்குத் தெம்பில்லை. நீ போவதாக இருந்தால் இனி எனக்கு எழுதாதே.

ரோலண்ட்

சால்வே, தென்கரை
13 அக்டோபர் 1974

ரோலண்டுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். தம்பி சொல்லி அக்கா எப்போது கேட்டாள்?

ஒரு மணி கூட்டினேன். கூட்டியும் நம்பவில்லை. தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் இறங்கி அதன் அடி ஈரமாக வெளியே தெரியும் வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர், "என்னம்மா இன்னும் இறங்கல? வாத்தெல்லாம் வீட்டுக்குப் போயிடும்" என்று கிண்டல் செய்தார். "அதுங்க போனாப் போகட்டும், நான் வீடு திரும்பணும்ல" என்றேன். அப்புறம் அவர் தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

முதல் கூட்டம் குரைத்துக்கொண்டு போனது, விட்டுவிட்டேன். அடுத்த இரண்டு குண்டும் வானத்துக்குத்தான் போயின. மூன்றாவதற்கு ஒன்று விழுந்தது. எடுக்கும்போது இன்னும் சூடாக இருந்தது. அழுதேன். கொஞ்சம் லென்னுக்காக, மிச்சமெல்லாம் சந்தோஷத்தில்.

கரையேறும்போது சாலையோரத்தில் உன் பச்சை வேனைப் பார்த்தேன். இவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாயே, மடையா! ஓடி வருவாய் என்று நினைத்துக் கையை ஆட்டினேன். நீ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். கறுப்புக் கோலியைவிட அதுதான் எனக்கு வலித்தது.

வருகிற சனிக்கிழமையும் போகிறேன். வருவதாக இருந்தால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்து, சேற்றில் என் பக்கத்தில் உட்கார். பயமாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து பயப்படு. எனக்கும்தான் பயம். ஆனால் என்னைத் தூக்கிப் போக வண்டியோடு காத்திருப்பதாக இருந்தால் தயவுசெய்து வராதே. உயிரோடு இருக்கிற அக்காவோடு உட்கார முடிந்தால் வா.

கடல் என் புருஷனை எடுத்துக்கொண்டது. என் சனிக்கிழமைகளை அதற்கும் கொடுக்கமாட்டேன், உனக்கும் கொடுக்கமாட்டேன்.

நெட்டா